மாச்சனூர் பெண்களின் வானொலி

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் பேசியது. பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘பெண்களும் வானொலியும்’. அது ரொம்பப் பெரிய தலைப்பு. நான் ஒரே ஒரு வானொலியைப் பற்றித்தான் பேசப் போறேன். காரணம் உங்களுக்கே தெரியும். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு தீர்மானம் வருது. நம்ம கூட்டமைப்பு சொந்தமா சமுதாய வானொலிக்கு விண்ணப்பம் போடணுமா, அதுக்கு நம்ம பொது நிதியிலிருந்து பணம் ஒதுக்கணுமா என்பதுதான் தீர்மானம். அந்தப் பணம் ஆகாசத்திலிருந்து வந்ததில்லை. சந்தா சந்தாவா, வட்டி வட்டியா நாம சேர்த்தது. கையைத் தூக்குறதுக்கு முன்னாடி, நமக்கு முன்னால இதைச் செஞ்சு பார்த்த பொம்பளைங்க கதை நமக்குத் தெரியணும்.

தெலங்கானாவில் ஜஹீராபாத் என்று ஒரு சின்ன ஊர். ஹைதராபாத்திலிருந்து மேற்கே பம்பாய் போற ரோட்டில், கர்நாடக எல்லைக்குப் பக்கத்தில் இருக்கு. முன்பு மேதக் மாவட்டம், இப்ப சங்காரெட்டி மாவட்டம். வறண்ட பூமி. ஆத்துப் பாசனம் கிடையாது. அந்த ஜஹீராபாத்தைச் சுத்தின கிராமங்களில் 1980-களிலிருந்து தலித் பெண்கள் சங்கம் சங்கமாகச் சேர்ந்தாங்க. நாம ‘குழு’ன்னு சொல்றோம், அவங்க ‘சங்கம்’னு சொல்றாங்க. கூட இருந்து வேலை செஞ்சது தக்காணப் பீடபூமி வளர்ச்சிச் சங்கம் என்கிற தொண்டு நிறுவனம். டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி, சுருக்கமா டி.டி.எஸ். என்பாங்க. 1983-ல் தொடங்கினது. அதைத் தொடங்கினவர்களில் ஒருத்தர் பி.வி. சதீஷ். அவர் அதுக்கு முன்னால தூர்தர்ஷனில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராக இருந்தவர். 2023 மார்ச்சில் காலமானார். எழுபத்தைந்து கிராமம், ஐயாயிரம் பெண்கள் என்று அந்தச் சங்கங்களின் அளவைச் சொல்வாங்க.

வானொலிக்கு முன்னால அவங்க என்ன செஞ்சாங்கன்னு சொல்லியாகணும். அது தெரியாம வானொலி புரியாது. நம்மைப் போல சேமிப்பு, உள்கடனோடு அவங்க நிக்கலை. தரிசாக் கிடந்த சின்னச் சின்ன நிலங்களை மறுபடி உழவுக்குக் கொண்டுவந்தாங்க. நிலம் வச்சிருந்த ஏழைக் குடும்பத்துக்கு உழவுக்கும் எருவுக்கும் முன்பணம். அதைப் பணமாத் திருப்பிக் கட்ட வேண்டாம், சோளமாக் கொடுக்கணும். அந்தச் சோளம் ஊரிலேயே சேமிப்பில் இருக்கும். மழைக்காலத்துல வேலையும் இல்லாம, வீட்டுல தானியமும் இல்லாம இருக்கிற மாசங்களில், ரொம்ப இல்லாத குடும்பத்துக்குக் குறைஞ்ச விலைக்குப் போகும். யார் ரொம்ப இல்லாதவங்கன்னு யார் முடிவு பண்றது? அதிகாரி இல்லை. தெருவில் உக்காந்து, தரையில் ஊர்ப் படம் போட்டு, வீடு வீடா அந்தப் பெண்களே முடிவு பண்ணினாங்க. கடையில் கிடைக்கிற ரேஷன் அரிசிக்கு மாற்றாக, ஊருக்குள்ளேயே விளைஞ்ச சோளத்தில் ஒரு ரேஷன்.

இன்னொன்று விதை. ஒரே காட்டில் சோளம், துவரை, தினை, சாமை, பயறு என்று கலந்து விதைக்கிற பழக்கம் அங்கே உண்டு. நம்ம பாட்டிமாரும் அப்படித்தான் செஞ்சாங்க. எந்த விதையை எதோட விதைக்கணும், எதைச் சாம்பலில் போட்டு வைக்கணும், எதை வேப்பிலையோட வைக்கணும் என்பது எல்லாம் பெண்கள் மனசில் இருந்த பாடம். புத்தகத்தில் இல்லை. அந்தப் பாடத்தை வச்சிருந்தவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவங்க செத்தா பாடமும் போயிடும். வானொலி என்ற யோசனை இங்கேதான் முளைச்சது. எழுதத் தெரியாதவங்க அறிவை எழுத்து இல்லாம எப்படிக் காப்பாத்துறது? குரலில்தான்.

அப்ப ஊருக்கு ஏற்கெனவே வானொலி இல்லையா என்று கேக்கலாம். இருந்தது. ஆனா விவசாய நிகழ்ச்சின்னா யூரியா, பூச்சி மருந்து, நெல்லு, கரும்பு. சோளமும் சாமையும் விதைக்கிறவளுக்கு அதில் ஒண்ணும் கிடையாது. அதைவிடப் பெரிய விஷயம் மொழி. வானொலியில் வந்தது ஆந்திரக் கடலோரப் படிச்சவங்க பேசுற தெலுங்கு. ஜஹீராபாத் பக்கத்துத் தெலுங்கில் உருதுவும் கன்னடமும் கலந்திருக்கும். படிச்சவங்க அதை மட்டமா நினைப்பாங்க. தன் பேச்சு பெட்டியில வராத வரைக்கும் அது பேச்சே இல்லை போலன்னு ஒருத்திக்குத் தோணிடும்.

இது எனக்குப் புதுசில்லை. பல வருஷத்துக்கு முன்னால ஒரு தனியார் வானொலிக்கு போன் போட்டேன். நேயர் விருப்பம் நிகழ்ச்சி. லைன் கிடைச்சது. நான் ‘வெள்ளாமை’, ‘அங்கிட்டு’, ‘இங்கிட்டு’ன்னு என் பேச்சில் பேசினதும் அந்த அறிவிப்பாளர் பையன் சிரிச்சான். கேலியா சிரிச்சானான்னு கேட்டா, ஆமா, கேலிதான். ‘அங்கிட்டு’ன்னு திருப்பித் திருப்பிச் சொல்லிக் காட்டினான். எங்க தெருவே கேட்டுக்கிட்டு இருந்தது. அன்னைக்கு அப்புறம் நான் எந்த வானொலிக்கும் பேசினதில்லை. கோடைப் பண்பலை கேப்பேன், இலங்கை வானொலியைச் சின்ன வயசில் கேட்டிருக்கேன், கேக்குறது வேற. அதனால அந்த ஜஹீராபாத் பெண்கள் ‘எங்க பேச்சில் எங்க வானொலி’ன்னு ஏன் கேட்டாங்கன்னு எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இப்ப சட்டத்துக்கு வர்றேன். கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க, நம்ம தீர்மானத்துக்கு இது வேணும்.

இந்தியாவில் ஒலிபரப்பு ரொம்ப நாள் அரசாங்கத்து கையில் மட்டும் இருந்தது. அதுக்கு அடிப்படை 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டம். வெள்ளைக்காரன் போட்டது. இத்தனைக்கும் நம்ம மெட்ராஸ்ல 1924-லேயே ஒரு வானொலிக் கழகம் தனியாரா ஒலிபரப்பு நடத்தியிருக்கு. பணம் இல்லாம நின்னுபோச்சு, அப்புறம் மாநகராட்சி எடுத்து நடத்தினது. அந்தக் கதையை இன்னொரு நாள் வச்சுக்கலாம். சுதந்திரம் வந்தும் ஐம்பது வருஷம் போல அந்தச் சட்டம்தான் பேசிச்சு.

அதை அசைச்சது ஒரு கிரிக்கெட் வழக்கு! சிரிக்காதீங்க. வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஒரு போட்டியை டி.வி.யில் காட்டுறதுக்கு வெளிநாட்டுக் கம்பெனிக்கு உரிமை கொடுத்தது. அரசாங்கம் மறிச்சது. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1995 பிப்ரவரி 9-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. காற்றலை பொதுச் சொத்து, அதை அரசாங்கம் மட்டுமோ பணக்காரன் மட்டுமோ வச்சுக்கக் கூடாது, பொதுநலனுக்காக ஒரு பொது அமைப்பு ஒழுங்குபடுத்தணும் என்பது அதன் சாரம். அந்தத் தீர்ப்பை எழுதினவர்களில் ஒருவர் நீதிபதி பி.பி. சாவந்த். இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க.

கிணறு பொதுன்னு தீர்ப்பு வந்துட்டா மறுநாளே எல்லாரும் தண்ணி எடுத்துட முடியுதா? அதே கதைதான். காத்து பொதுன்னு சொல்லியாச்சு. உரிமம் கேட்டா கிடைக்காது. தனியார் கம்பெனிக்கு நகரத்தில் பண்பலை ஏலம் விட்டாங்க. கிராமத்துக்கு ஒண்ணும் இல்லை.

அந்தக் காலத்தில் நடந்த மூணு முயற்சியைச் சொல்றேன். முதலாவது நம்ம காதில் சுருக்குன்னு தைக்கணும். ஆந்திராவில் கர்னூல் மாவட்டம் ஓர்வகல். அங்கே 2002-ல் நம்மைப் போல சுயஉதவிக் குழுப் பெண்கள் ‘மன ரேடியோ’ன்னு ஒண்ணு தொடங்கினாங்க. ‘நம்ம ரேடியோ’ன்னு அர்த்தம். ரொம்பச் சின்ன ஒலிபரப்பி, ஊரைத் தாண்டாது. சில மாசத்திலேயே, உரிமம் இல்லைன்னு சொல்லி நிறுத்திட்டாங்க. இரண்டாவது, கர்நாடகாவில் கோலார் மாவட்டம் பூதிகோட்டை. அங்கே ‘நம்ம த்வனி’. காத்தில் விட்டாத்தானே உரிமம் வேணும், கம்பி வழியா விட்டா? கேபிள் டி.வி. கம்பியில் நிகழ்ச்சியை வீடுகளுக்கு அனுப்பினாங்க. அதிலும் குழுப் பெண்கள் உண்டு. எனக்கு இந்த மூளை ரொம்பப் பிடிக்கும். மூணாவது, பீகாரில் வைசாலி மாவட்டத்தில் மன்சூர்பூர். ரேடியோ ரிப்பேர் பண்ற ஒரு இளைஞர் சில்லறைக் காசில் ஒரு ஒலிபரப்பியைத் தானே செஞ்சு, மூங்கில் கம்பத்தில் கட்டி, ஊருக்கே பாட்டும் அறிவிப்பும் போட்டார். சனங்க கொண்டாடினாங்க. 2006-ல் அதையும் மூடிட்டாங்க.

மாச்சனூர் பெண்கள் வேற வழி போனாங்க. 1990-களின் கடைசியிலேயே, யுனெஸ்கோ உதவியோட, மாச்சனூர் கிராமத்தில் ஒலிப்பதிவுக் கூடம் கட்டி முடிச்சாச்சு. கருவி வந்தாச்சு. அந்தக் கூடத்தைப் பொறுப்பா எடுத்து நடத்தினவங்க ரெண்டு பேர். ரெண்டு பேர் பேரும் நரசம்மா. ஒருத்தர் அல்கோல் நரசம்மா, இன்னொருத்தர் ஜெனரல் நரசம்மா. ரெண்டு பேரும் தலித் குடும்பம், பெரிய படிப்புப் படிச்சு வந்தவங்க இல்லை. ஒலிப்பதிவு, வெட்டி ஒட்டுறது, சத்தம் கூட்டிக் குறைக்கிறது எல்லாம் பழகினாங்க. எல்லாம் தயார். உரிமம் மட்டும் இல்லை.

உரிமம் இல்லாத அந்தப் பத்து வருஷம் என்ன செஞ்சாங்க தெரியுமா? பூட்டி வைக்கலை. பதிவு பண்ணிக்கிட்டே இருந்தாங்க. விதையைப் பற்றி, சோளத்துச் சமையல் பற்றி, மாட்டு வைத்தியம், பிள்ளைப்பேறு, களையெடுப்புப் பாட்டு, பதுகம்மா பாட்டு. அதைக் கேசட்டில் போட்டு, ஊர் ஊராச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுபோய், டேப் ரெக்கார்டரில் போட்டுக் கேட்டாங்க. கேட்டு முடிச்சதும் பேச்சு நடக்கும். ‘எங்க ஊர்ல அப்படி இல்லை, இப்படி’ன்னு ஒருத்தி சொல்வா. அதையும் பதிவு பண்ணு. காத்தில் போகாத வானொலி. ஆனா வானொலிக்கு வேண்டிய வேலை எல்லாம் நடந்தது. பல நூறு மணி நேரப் பதிவு சேர்ந்துடுச்சு.

இதே பெண்கள் கூட்டம் வீடியோவும் எடுத்தது. பி.டி. பருத்தி போட்டு நொடிச்சுப் போன வாரங்கல் விவசாயிகளைப் பற்றி அவங்க எடுத்த படம் வெளிநாடு வரைக்கும் போச்சு. அவங்க கேமரா பாஷையைப் பற்றி ஒண்ணு சொல்லணும். மேலே இருந்து கீழே பார்த்து எடுத்தா அதுக்குப் பேரு ‘பட்டேல் ஷாட்’. பண்ணையார் நம்மைப் பார்க்கிற பார்வை அப்படித்தானே இருக்கும்! கண்ணுக்கு நேரா எடுத்தா ‘சங்கம் ஷாட்’. சங்கத்தில் எல்லாரும் ஒரே பாயில் உக்காருவாங்க, அதனால. பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் இதை எத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்தாலும் இவ்வளவு தெளிவா வராதுன்னு நான் நினைக்கிறேன்.

2000-ல் பஸ்தாபூரில், டி.டி.எஸ். இருக்கிற ஊரில், வானொலி வேணும்னு கேக்குறவங்க பல மாநிலத்திலிருந்து வந்து கூடினாங்க. ‘பஸ்தாபூர் பிரகடனம்’ அங்கே வந்தது. சமுதாய வானொலி லாபத்துக்கு இல்லாம, சனங்க கையில், உள்ளூர் ஆளுங்க நடத்தணும் என்று அதில் சொன்னாங்க. அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு, 2002 டிசம்பரில், அரசாங்கம் கொஞ்சம் கதவைத் திறந்தது. ஆனா யாருக்கு? கல்லூரிகளுக்கு, பல்கலைக்கழகங்களுக்கு. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரி 1-ல் அண்ணா எஃப்.எம். தொடங்கினது, நாட்டில் முதல் கல்வி வளாக வானொலி அதுதான், நம்ம மாநிலத்துக்குப் பெருமைதான். ஆனா பாருங்க, கூடம் கட்டி, கருவி வச்சு, ஆள் பழகி, கேசட் குமிஞ்சு கிடக்கிற மாச்சனூருக்கு இல்லை. படிச்சவங்களைத்தான் முதலில் நம்பினாங்க. இதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

2006 நவம்பரில்தான் புதுக் கொள்கை. தொண்டு நிறுவனங்களும் பதிவு பெற்ற சங்கங்களும் சமுதாய வானொலி நடத்தலாம் என்று வந்தது. மாச்சனூர் விண்ணப்பம் போச்சு. 2008 அக்டோபர் 15. உலக ஊரகப் பெண்கள் தினம். அன்னைக்குத்தான் ‘சங்கம் ரேடியோ’ 90.4 மெகாஹெர்ட்ஸில் காத்தில் ஏறினது. கிராமத்துப் பெண்களே நடத்துற, நாட்டின் முதல் சமுதாய வானொலிகளில் முன்னால நிக்கிறது அது. தொடங்கி வச்சது யார் தெரியுமா? ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே, அந்த நீதிபதி சாவந்த். காத்து பொதுச் சொத்துன்னு எழுதினவர், பதிமூணு வருஷம் கழிச்சு, வயசான காலத்தில், அந்தப் பொதுச் சொத்தில் தலித் பெண்கள் கை வைக்கிறதை நேரில் வந்து பார்த்தார். எனக்கு இதைப் படிச்சப்ப தொண்டை அடைச்சது.

அவங்க ஒலிபரப்பு நேரம் சாயந்திரம் 7 மணியிலிருந்து 9 மணி வரைக்கும். நாள் முழுக்க இல்லை. ரெண்டே மணி நேரம். காட்டு வேலை முடிஞ்சு, அடுப்பு பத்த வச்சு, ரொட்டி தட்டுற நேரம். கை வேலையா இருக்கும், காது சும்மா இருக்கும். கேக்குறவ யார், எப்ப கேப்பான்னு தெரிஞ்சவங்கதான் இப்படி நேரம் வைக்க முடியும். நாம 24 மணி நேர வானொலின்னு கனவு காணாம இருக்கிறது நல்லது. தினம் ரெண்டு மணி நேரம் சொந்தச் சரக்கு தயாரிக்கிறதே எவ்வளவு வேலைன்னு, நம்ம மாதக் கூட்டத்துக்கு ஒரு நாடகம் போடுறதுக்கே படுற பாட்டை நினைச்சுப் பாருங்க.

விதிகள் சிலது இருக்கு, சொல்லிடறேன். தனி ஆளுக்கு உரிமம் கிடையாது. அரசியல் கட்சிக்கும் அதன் மகளிர் அணி, மாணவர் அணிக்கும் கிடையாது. பதிவு பெற்று மூணு வருஷமாவது சமுதாய வேலை செஞ்ச அமைப்பா இருக்கணும். நம்ம கூட்டமைப்புக்கு அந்தத் தகுதி இருக்கு. ஒலிபரப்பியின் சக்தி சாதாரணமா 100 வாட் அளவுக்குள்ள. கோபுரம் 30 மீட்டருக்கு மேல போகக் கூடாது. நம்ம மாதிரி மேடு பள்ளமான ஊரில் மலைக்கு அந்தப்பக்கம் எடுக்காது, இதை இப்பவே சொல்லிடறேன். நிகழ்ச்சியில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கோட தயாரிச்சதா இருக்கணும், முடிஞ்ச வரைக்கும் உள்ளூர் பேச்சில். ஒலிபரப்பின எல்லாத்தையும் மூணு மாசம் பத்திரமா வச்சிருக்கணும், கேட்டா காட்டணும். உள்துறை, பாதுகாப்புத் துறை என்று பல கதவு தட்டித்தான் அனுமதி வரும். அலைவரிசைக்கு வருஷக் கட்டணம் தனி.

அந்தக் கட்டணத்திலும் ஒரு கதை. முதலில் வருஷத்துக்கு 19,700 ரூபாய் இருந்தது. 2012-ல் ஒரே தூக்கா 91,000 ஆக்கினாங்க. நாடு முழுக்க சமுதாய வானொலிக்காரங்க சேர்ந்து சத்தம் போட்டாங்க, திரும்ப இறக்கினாங்க. சேர்ந்து கத்தினதால இறங்கிச்சு, தனியா இருந்திருந்தா மூடிட்டுப் போயிருப்பாங்க. ஆனா நம்ம பொருளாளர் அக்கா இதைக் குறிச்சுக்கணும்: நாம முடிவு பண்ணாத ஒரு தொகை திடீர்னு நாலு மடங்குக்கு மேல ஏறலாம்.

இன்னொரு விதி எனக்குப் பிடிக்காதது. 2006 கொள்கைப்படி சமுதாய வானொலியில் செய்தி சொல்லக் கூடாது, அரசியல் நடப்பு பேசக் கூடாது. வானிலை சொல்லலாம், தேர்வு முடிவு சொல்லலாம், தண்ணி எப்ப வரும் கரண்டு எப்ப போகும்னு சொல்லலாம், வெள்ளம் புயல்னா எச்சரிக்கை சொல்லலாம். நூறு நாள் வேலைக்கு ஏன் ரெண்டு மாசமா கூலி வரலைன்னு கேட்டா, அது தகவலா, செய்தியா? கோட்டை எங்கே போடுறது? ஆனா சங்கம் ரேடியோ பெண்கள் விதையையும் சோத்தையும் பற்றி மட்டுமே பேசினதா நினைச்சிடாதீங்க. எந்த விதையை விதைக்கிறது, அது யார் கையில் இருக்கணும்னு பேசினாலே அது பெரிய இடத்துக்கு எல்லாம் உறைக்கும். செய்தின்னு பேர் வைக்காமலே எல்லாம் பேசிடலாம். டி.டி.எஸ். பெண்கள் சங்கங்களுக்கு 2019-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு கிடைச்சது. விதைக்கும் நிலத்துக்கும் அவங்க செஞ்ச வேலைக்காக.

நம்ம ஊர்ப் பக்கமும் இல்லாம இல்லை. நாகை மாவட்டம் விழுந்தமாவடியில் களஞ்சியம் சமுதாய வானொலி, சுனாமி அடிச்ச கரையில். பாம்பனில் கடல் ஓசை, மீனவங்களுக்கு, 2016-லிருந்து. கடலுக்குப் போறவனுக்குக் காத்து எப்படி, அலை எப்படின்னு அவன் பேச்சிலேயே சொல்றது. ஒவ்வொண்ணும் ஒரு தேவையைக் கையில் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்குது. அவங்களுக்குக் கடல். மாச்சனூருக்கு விதை. நமக்கு என்ன?

இதுக்கு என்கிட்ட ஒரு பதில் இருக்கு, அதைச் சொல்லி முடிக்கிறேன். போன வருஷம் எங்க ஊராட்சியில் நாலஞ்சு குழு சேர்ந்து ஒரு சோதனை செஞ்சோம். செலவு கிடையாது. ஒரு தங்கச்சியோட செல்போனில் பதிவு, கூட்டத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் கேக்குறது. மாச்சனூர் கேசட் கதையைப் படிச்சுட்டு வந்த யோசனைதான். முதலில் பாட்டு, வைத்தியம், நல்லா இருந்தது, எல்லாரும் சிரிச்சுக் கேட்டோம். அப்புறம் ஒரு குழு உறுப்பினர், பேர் சொல்ல மாட்டேன், தன் கதையைச் சொன்னாங்க. ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் வாரக் கடன் வாங்கி, அதைக் கட்ட இன்னொண்ணு, அதைக் கட்ட மூணாவது. வசூல் பண்ண வர்றவன் வாசல் திண்ணையில் உக்காந்துக்கிட்டு, ‘கட்டுற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்’னு சொன்னது. பக்கத்து வீட்டுக்காரி பார்க்கிறாளேன்னு சாமான் பாத்திரத்தை அடகு வச்சது. அழாம, ஒரே சீரா சொன்னாங்க. எட்டு நிமிஷம்.

அதைப் போட்டுக் கேட்ட அன்னைக்கு, வழக்கமா கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புறவங்க ஒருத்தர்கூட எந்திரிக்கலை. ‘எனக்கும்’னு ஒருத்தர். ‘எனக்கும்’னு இன்னொருத்தர். நாலு வருஷமா ஒரே குழுவில் இருக்கோம், வாரா வாரம் பார்க்கிறோம், தீர்மானப் புத்தகத்தில் இது ஒரு வரி வந்ததில்லை. அந்த மாசம்தான் வெளிக்கடனை அடைக்கிறதுக்கு உள்கடன் கொடுக்கிறதுன்னு முதல் தடவையா முடிவு பண்ணினோம்.

நல்லது மட்டும் சொன்னா அது முழுக்கதை இல்லை. பேர் சொல்லாட்டியும் ஊருக்குள் குரல் தெரியும். ரெண்டாவது கூட்டத்துக்குள்ள அவங்க வீட்டுக்காரர் காதுக்குப் போயிடுச்சு. ‘வீட்டு மானத்தை ரேடியோவில் விட்டியா’ன்னு சண்டை. பத்து நாள் அவங்க கூட்டத்துக்கு வரலை. நாங்க மூணு பேர் போய் உக்காந்து பேசினோம். அதுக்கு அப்புறம் ஒரு வழக்கம் வச்சோம்: பதிவு பண்ணினதை முதலில் சொன்னவங்களுக்கே போட்டுக் காட்டணும். எந்த ஊரில் போடலாம், எந்த ஊரில் போடக் கூடாதுன்னு அவங்க சொல்லணும். வேண்டாம்னா அங்கேயே அழிச்சிடணும். இப்ப அவங்கதான் எங்க ஊராட்சியில் பதிவு வேலைக்குப் பொறுப்பு. அவங்க இந்தக் கூட்டத்தில் இருக்காங்க. இதைச் சொல்றதுக்கு அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன்.

ஒலிபரப்பி வாங்குறதுக்கு முன்னால இந்த மாதிரிச் சிக்கல் எத்தனை வரும்னு நமக்குத் தெரியணும். காத்தில் விட்டுட்டா அழிக்க முடியாது. மாச்சனூர் பெண்களுக்குப் பத்து வருஷம் அரசாங்கம் கொடுக்காம இழுத்தடிச்சது அநியாயம்தான். ஆனா அந்தப் பத்து வருஷத்தை அவங்க பழகுறதுக்கு எடுத்துக்கிட்டாங்க. நமக்கு யாரும் இழுத்தடிக்கலை. அவசரப்படுறது நாமதான்.

அதனால மதியம் வர்ற தீர்மானத்தில் ஒரு திருத்தம் கொடுக்கப் போறேன். எழுதி செயலாளர்கிட்ட கொடுத்தாச்சு. விண்ணப்பத்துக்குத் தேவையான பதிவுச் சான்று, மூணு வருஷத் தணிக்கை அறிக்கை, பொதுக்குழுத் தீர்மானம் எல்லாத்தையும் இந்த வருஷமே தயார் பண்ணி வைப்போம். பெரிய பணம் இப்ப ஒதுக்க வேண்டாம். ஒவ்வொரு ஊராட்சியிலிருந்தும் ரெண்டு பேர், அதில் ஒருத்தர் கட்டாயம் கூலி வேலைக்குப் போறவங்களா இருக்கணும், பதிவு பண்ணப் பழகட்டும். மாசம் ஒரு பதிவு. எல்லா ஊர்க் கூட்டத்திலும் போட்டுக் கேப்போம். கேட்டதுக்கு அப்புறம் என்ன பேச்சு வந்ததுன்னு தீர்மானப் புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்குவோம். அடுத்த பொதுக்குழுவில் அந்தப் பக்கங்களை வாசிச்சுப் பார்த்துட்டு, அலைவரிசைக்கு விண்ணப்பம் போடுறதைப் பற்றிக் கை தூக்குவோம்.

மாத்துக் கருத்து இருந்தா, சாப்பாட்டு நேரத்தில் வந்து என்கிட்ட சண்டை போடுங்க. பந்தல்ல வலதுபக்கம், தண்ணி டிரம் கிட்ட உக்காந்திருப்பேன். பெயர் கொடுக்கணும்னு நினைக்கிறவங்களும் அங்கேயே வந்து எழுதிக்கலாம். அங்கிட்டு இங்கிட்டுன்னு பேசுறவங்களுக்கு முதல் இடம்.